கால் ஊன்றாமல் ஓர் எட்டு

முப்பத்து நான்கு வருடம் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். நாற்பது வயது கடந்தவர் ஓட்டுநர் உரிமம் கேட்டால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் ஒன்று-ஏ வேண்டும். "டாக்டர் சீல் சரியா விழல, போயி மறுக்கா வாங்கிட்டு வாங்க" என்று அந்தப் படிவத்தை எத்தனை பேரிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. போன ஆடி மாதம் என் முறை வந்தது. கண் மருத்துவர் என்னை இருட்டறையில் உட்காரவைத்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டி, தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நேர்மையாக அழுத்தினேன். அதற்குப் பரிசாக ஒரு தாள் வந்தது. அதில் என் பார்வையின் ஓரங்கள் கறுப்படித்திருந்தன.

"நேரா இருக்கறது நல்லாத் தெரியுது சார். பக்கத்துல வர்றதுதான் தெரியல. இனி டூவீலர் வேண்டாம்."

நேராக இருப்பது மட்டும் தெரிவது அலுவலகத்தில் ஒரு தகுதியாகவே கருதப்பட்டது. சாலையில் அப்படி இல்லையாம்.

வெளியே காத்திருந்த மனைவியிடம் தாளைக் கொடுத்தேன். அவள் மருந்தாளுநர். அஸ்தம்பட்டியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மருந்துக் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் வீடு ஆட்டையாம்பட்டி சாலையில் ஒரு மனைப்பிரிவில் இருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தில் போனால் இரண்டு வண்டி மாற வேண்டும், அவளுடைய முழங்கால் இரண்டு படிக்கட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து காலை எட்டரைக்குக் கொண்டுபோய் விடுவது, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டி வருவது என் பெட்ரோல் ஸ்கூட்டர். ஓய்வுக்குப் பிறகு என் நாளில் நேரம் குறித்து நடந்த காரியங்கள் இவை இரண்டுதான்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது பாதி தூரம் அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "நானே ஓட்டிக்கறனுங்க," என்றாள்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நானும் சிரிக்கவில்லை. சிரிக்காததற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்ல இருபத்தேழு வருடம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமனே கடைக்குப் போவதில்லை. "கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வாரேன்" என்றுதான் போவார்கள். ஒரு எட்டு என்றால் ஓர் அடி எடுத்து வைக்கும் தூரம். கல்யாணமான புதிதில் என் மனைவி எதற்கும் அதைத்தான் சொல்வாள். மாவு மில்லுக்கு ஒரு எட்டு, கோயிலுக்கு ஒரு எட்டு. ஜேடர்பாளையத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கும் ஒரு எட்டு. சேலத்திலிருந்து அந்த எட்டுக்கு அப்போது மூன்று பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் அலுவலகத்தில் எட்டு வேறு. இரு சக்கர வண்டிக்கு உரிமம் வேண்டுமென்றால் மைதானத்தில் எட்டு போட வேண்டும். ஊரார் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக்கொண்டு நிற்பார். எட்டின் வடிவத்தில் வண்டியைத் திருப்பி ஓட்டி முடிக்கும்வரை கால் தரையில் படக்கூடாது. பட்டால் ஃபெயில்.

இருபத்தேழு வருடம் முன்பு அவள் எட்டு போட்டபோது பட்டது. இரண்டாவது வட்டம் திரும்பும் இடத்தில் வண்டி சாய்ந்து, இடது கால் தரையைத் தொட்டது. ஆய்வாளர் மேசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் இன்னொரு முறை போடச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. 'தேர்ச்சி பெறவில்லை' என்ற முத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி, என் மைத்துனன், வந்திருந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு, "கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வாரனுங்க" என்றாள்.

"பாத்துப் போ, கால் ஊனிராத," என்றேன்.

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நகைச்சுவையை ஒரு வாரம் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன் பிறகு அவள் இந்த வீட்டில் 'ஒரு எட்டு' என்று சொன்னதில்லை. போயிட்டு வாரேன், அவ்வளவுதான். அதை நான் கவனிக்கவே பல வருடம் ஆயிற்று. கவனித்த பிறகும் கேட்கவில்லை. மறு தேர்வுக்கும் அவள் போகவில்லை. பின் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பையோடு, என்னோடு கிட்டத்தட்ட சேலம் மாவட்டம் முழுவதையும் சுற்றியிருக்கிறாள்.

சரி, வண்டிக்கு வருவோம். பெட்ரோல் வண்டி அவளுக்குக் கனம். ஸ்டாண்டு போடவே அவளால் முடியாது. மின்சார வண்டி என்று முடிவாயிற்று. நான் வழக்கம்போல ஒரு கோப்பு திறந்தேன். மோட்டாரின் திறன், பேட்டரியின் வகை, உத்தரவாதத்தின் நிபந்தனைகள், அந்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட நிபந்தனைகள் என்று பத்திகள் பிரித்து, ஏழு வண்டிகளை வரிசைப்படுத்தினேன். மைத்துனன் அதைப் பார்த்தான். அவன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கிறான், அதாவது போர் போடும் லாரி. வருடத்தில் எட்டு மாதம் வெளி மாநிலத்தில் தரையைத் துளைத்துக்கொண்டிருப்பான்.

"மாமா, வண்டி வாங்கறீங்களா, இல்ல வண்டிக்குப் பென்சன் சேங்சன் பண்றீங்களா?"

"எல்லாம் பார்த்துத்தான் வாங்கணும்."

"ஒண்ணே ஒண்ணு பாருங்க போதும். நின்னு போச்சுன்னா யாரு வருவா, எவ்வளவு நேரத்துல வருவான். ரிக்குக்கும் அதுதான், இதுக்கும் அதுதான்."

அதை எட்டாவது பத்தியாகச் சேர்த்துக்கொண்டேன். பிற்பாடு பார்த்தபோது உருப்படியான பத்தி அது ஒன்றுதான்.

மூன்று பேரும் கடை கடையாக ஏறினோம். விற்பனைப் பெண்கள் எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். வண்டியில் பாட்டுக் கேட்கலாம், வழி பார்க்கலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் தெரியும்.

"போன்ல இருந்தே லாக் பண்ணலாம் மேடம்."

"வண்டி மேல நான் உக்காந்திருக்கறப்ப போனுக்கு அங்க என்ன வேல, கண்ணு?" என்றாள் என் மனைவி. "கால் ரெண்டும் தரையில எட்டுமா, அதச் சொல்லு. சீலை எங்கயாச்சும் மாட்டுமா? சாப்பாட்டுப் பைய எங்க வெக்கறது?"

நான் பேட்டரியைப் பற்றிக் கேட்டேன். ஒரு சார்ஜில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகும் என்றது அந்தப் பெண்.

"யார் ஓட்டினால்?"

"ஈக்கோ மோடுல, ஒரு ஆளு, சமதளத்துல சார்."

"எதிர்காத்து?"

"காத்து இருக்கக் கூடாது சார்."

காற்றில்லாத சமதளத்தில் தனியாக, மெதுவாகப் போகும் மனிதன். ஓய்வூதியதாரருக்கு இதைவிடப் பொருத்தமான வருணனையை நான் கேட்டதில்லை. ஆனால் வண்டி எனக்கில்லையே. சொன்னதில் முக்கால் பங்கை உண்மை என்று குறித்துக்கொண்டேன். அந்தக் கணக்கிலும் அவள் மூன்று நாள் போய்வர இடமிருந்தது.

மூன்றாவது கடையில்தான் என் மானம் போயிற்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கிப் பார்ப்போம். இன்ஜின் பிடிக்கிறதா என்று காது சொல்லும். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குக் காதுதான் மெக்கானிக். நான் உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன், விற்பனைப் பெண் காட்டிய பொத்தானை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை.

"இது ஆன் ஆகலையேம்மா," என்று சொல்லியபடியே முறுக்கினேன்.

ஆகியிருந்தது. வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, வாசலில் கட்டியிருந்த பலூன் வளைவுக்குள் புகுந்து நின்றது. பன்னிரண்டு பலூனாவது வெடித்திருக்கும். மின்சார வண்டியில் சத்தம் வராது என்று யார் சொன்னது?

மைத்துனன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மாமா… ஐயோ மாமா… கால ஊனிட்டீங்க மாமா!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அவனுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த பலூன் துண்டை எடுத்துப் போட்டாள். "அடி ஏதும் படலீல்லங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான்காவது கடையில் அவள் தன் வண்டியைக் கண்டுபிடித்தாள். சின்னதாக, வெளிர்நீலத்தில், முன்னால் ஒரு கூடையோடு நின்றது. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்த வகைக்குப் பதிவு வேண்டாம், நம்பர் பலகை வேண்டாம், உரிமமும் வேண்டாம்.

"இதுக்கு லைசென்சே கேக்க மாட்டாங்களாமா," என்றாள். "உங்க எட்டும் வேண்டாம், ஒம்பதும் வேண்டாம்."

சட்டப்படி அவள் சொன்னது முழுக்கச் சரி. அந்த விலக்கு எந்த விதியில் வருகிறது என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் சாலை பைபாஸைக் கடந்துதான் ஊருக்குள் போகிறது. நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் லாரிகள் அந்த இடத்தில் இறக்கத்தில் வரும் வேகத்தை நான் தினம் இருமுறை பார்த்தவன்.

"அக்கா, லாரிக்காரன் நானே சொல்றேன்," என்றான் மைத்துனன். "இருபத்தஞ்சுல போற வண்டி எங்க டிரைவர் கண்ணுக்கு வண்டியாவே தெரியாது. போஸ்ட்டுக் கம்பம்னு நெனப்பான். கம்பம்னா ஒதுங்கிப் போவான். நீ நடுவால போயிட்டிருந்தீன்னா?"

"அப்ப வேலைய உட்டறேன்," என்றாள் அவள். "டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன், தை மாசத்தோட நின்னுக்கறேன்னு."

எனக்கு அது புதிய செய்தி. அந்தக் கவுண்டரில் அவள் இருக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். கசப்பு மருந்துக்கு அழும் குழந்தையிடம் முதலில் கையை நீட்டச் சொல்வாள். உள்ளங்கையில் பேனாவால் ஒரு பூனை வரைவாள். குழந்தை பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாய்க்கு அளவு சொல்லி முடித்திருப்பாள். கடைத்தெருவில் எங்காவது போனால், என்னைத் தெரிந்தவர்கள் பார்க்காததுபோல் போவார்கள். அவளைப் பார்த்து ஏதாவது ஒரு பொடிசு கையை நீட்டிக்கொண்டு ஓடிவரும். அந்த வேலையைத்தான் ஒரு காலை ஊன்றியதற்காக விடப்போகிறாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவள் சமையலறையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். விண்ணப்பம் எழுத எனக்கு நன்றாக வரும். வாயால் கேட்கத்தான் பழக்கமில்லை.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு," என்றேன்.

"என்னிக்கு?"

"எட்டு அன்னிக்கு."

அவள் உருவுவதை நிறுத்தவில்லை. "எலுமிச்சம்பழக் கலர் சீலை கட்டியிருந்தேன். ஊதா பார்டர்," என்றாள். காம்பை ஒதுக்கிவிட்டு, "ஃபெயில் போட்டது தப்பில்லீங்க. கால் ஊனுனேன், ஃபெயில்தான். சிரிச்சீங்க பாருங்க, அதுதான்."

நின்றுகொண்டே இருந்தேன். கறிவேப்பிலை முடிந்து கொத்தமல்லிக்கு வந்தாள்.

"பெரிய வண்டியே வாங்கலாம்," என்றாள் கடைசியில். "ஆனா ரெண்டு கண்டிசன். நீங்க எனக்குச் சொல்லிக்குடுக்கக் கூடாது. டெஸ்ட்டு அன்னிக்கு கிரவுண்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். அவள் தேர்ந்தெடுத்தது என் கோப்பில் நான்காவது இடத்தில் இருந்த வண்டி. முதலிடத்தில் இருந்ததில் அவளுடைய கால் விரல்தான் தரையைத் தொட்டது, இதில் பாதம் முழுக்கப் பதிந்தது. கால் வைக்கும் இடம் அகலம், சாப்பாட்டுப் பை நேராக நின்றது. பழுது பார்க்கும் இடமும் அஸ்தம்பட்டியிலேயே, மருத்துவமனையிலிருந்து இரண்டு தெரு. மைத்துனனின் பத்தியிலும் தேறிவிட்டது. நான் செய்ததெல்லாம், துவைக்கும் கல்லுக்கு மேலே மழை படாத இடத்தில், எர்த்தோடு பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று வைக்க எலக்ட்ரீஷியனோடு சண்டை போட்டதுதான். வண்டி பச்சை நம்பர் பலகையோடு வந்தது. மின்சார வண்டிக்கு அதுதான் நிறம்.

"கழுத்துல பச்சத் துண்டு போட்ட மாதிரி இருக்குது அக்கா," என்றான் மைத்துனன். "நம்ம விவசாயிங்க சங்கத்துல சேத்திக்கலாம்."

பழகுநர் உரிமத்துக்கு அவளே கணினியில் விண்ணப்பித்தாள். படிவம் ஒன்று-ஏவை மட்டும் என்னிடம் நீட்டினாள். டாக்டர் சீல் லேசாகக் கலங்கியிருந்தது. பார்த்தேன். "சரியா இருக்குது," என்று திருப்பிக் கொடுத்தேன். பணிக்காலத்தில் ஒருவருக்கும் காட்டாத சலுகை.

ரிக் மழைக்காலத்துக்காக ஊர் திரும்பியிருந்ததால் மைத்துனன் பின்னால் உட்கார்ந்து பழக்கினான். நேர்ச்சாலை நான்கு நாளில் வந்துவிட்டது. எட்டு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே விற்காமல் கிடக்கும் மனையில் அவன் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தான். அவள் கோட்டைப் பார்த்தபடியே போவாள், இரண்டாவது வட்டத்தில் வண்டி சாயும், கால் தரைக்கு வரும். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்டிஷனில் ஜன்னலைப் பற்றி எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டேய், இது ரெண்டு புள்ளி சிக்குக் கோலம்டா," என்றாள்.

"என்னது?"

"கோட்டைக் காலால அழி. ரெண்டு செங்கல் எடுத்துட்டு வா."

வட்டம் ஒன்றுக்கு ஒரு செங்கல் என்று நடுவில் வைக்கச் சொன்னாள். சிக்குக் கோலத்தில் யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை. புள்ளியைப் பார்த்துக்கொண்டால் கை தானாகச் சுற்றிவரும், எடுத்த கை முடியும்வரை நிற்காது. அவள் தினம் வாசலில் போடுவது பதினைந்து புள்ளிக் கோலம். செங்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். வண்டி சாய்ந்தது, ஆனால் சாய்ந்தபடியே திரும்பியது. இன்னொரு சுற்று. மூன்றாவதில் மைத்துனன் விசிலடித்தான்.

"முப்பது வருசமா கையெடுக்காம போடறேன்," என்றாள், மூச்சு வாங்க. "காலெடுக்காம போடத் தெரியாதா?"

ஊன்றாமல் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று திருத்த வாயெடுத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

தேர்வு நாளன்று மைத்துனனோடு கிளம்பினாள். எலுமிச்சை நிறத்தில் சேலை. பழையது இல்லை, புதிதாக வாங்கியது. நான் முன்வாசலில் நாற்காலி போட்டுக் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைதானத்தில் இருந்திருந்தால்கூட இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்க மாட்டேன். இப்போது டோக்கன், இப்போது மூலச் சான்றுகள் சரிபார்ப்பு, இப்போது வரிசை. இப்போது முதல் வட்டம். இப்போது இரண்டாவது. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் இடது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"என்னங்க வெயில்ல உக்காந்திருக்கீங்க?"

பக்கவாட்டுக் கேட் வழியாக வந்து என் காதருகில் நின்றிருந்தாள். வண்டி வந்த சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் வருவதும் எனக்குத் தெரியாது. என்னிடம் இப்படி வந்து சேர இதைவிடத் தோதான வண்டி இருக்க முடியாது.

நான் எழுந்து நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினேன். மைத்துனன்தான் சொன்னான். "பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பொம்பளப் புள்ளைங்க மாமா. அக்கா போட்டதும், 'மறுக்கா ஒருக்கா போடுங்கம்மா'ன்னுச்சு. எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. என்னன்னு பாத்தா, வரிசையில நின்ன மத்த புள்ளைங்களக் கூப்புட்டு, 'பாருங்க, இப்படிப் போடோணும்'னு காட்டுதுங்க!"

அவள் அதைக் காதில் வாங்காதவள்போல உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். சமையலறையிலிருந்து டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் வந்தது. பிறகு பையோடு வெளியே வந்தாள்.

"சக்கரை தீந்து போச்சு. ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வந்தர்றனுங்க."

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் கேட்டைப் பார்த்தேன்.

அவள் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைத் திருப்பி, கேட்டருகே போய் நின்றாள். நின்றவள் கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"வாரீங்களா?"

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று ஒரு முறை சொன்னேன். பிறகு உள்ளே போய் அலமாரிக்கு மேலிருந்து மற்றதை எடுத்தேன். இருபத்தேழு வருடம் அது அவள் தலையில்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் இறுக்கம். மாட்டும்போது நெற்றியில் ஏதோ குத்தியது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஒரு கொண்டை ஊசி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.